தொடர்கதை எழுதத் துணியும் அன்பர்களுக்கு

சென்ற மாதத்து மின்னஞ்சலில் நமக்கு மூன்று தொடர்கதைகள் வந்தன. சரியாகச் சொல்லப்போனால், மூன்று தொடர்கதைகளின் முதல் அத்தியாயங்கள் மட்டுமே வந்தன. மூன்றிலும் கடைசி வரிக்குக் கீழே 'தொடரும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எவ்வாறு தொடரும், எங்கே போய் முடியும் என்று மூவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். சொல்லி வைத்தாற்போல மூவரும் ஒரே விடையைத் தந்தனர்: "முதலில் இது இதழில் வரட்டும், ஸார். மற்றதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்."

இவ்விடையைக் கேட்டு நாம் நகைக்கவில்லை. நகைக்கும் தகுதி நமக்கு இல்லை. பதினோராண்டுகளுக்கு முன் இதே பக்கங்களில், இதே துணிச்சலோடு நாமும் ஒரு தொடர்கதையைத் தொடங்கினோம். கும்பகோணத்திலிருந்து ஒரு பெண் கல்கத்தாவில் வேலை பார்க்கும் தன் கணவனிடம் ரயிலேறி வருகிறாள். ஹௌரா நிலையத்தில் இறங்குகிறாள். அழைத்துப் போக வேண்டிய கணவன் வரவில்லை. முதல் அத்தியாயம் அவ்வளவுதான். "அடடா, என்ன தொடக்கம்!" என்று நண்பர்கள் முதுகில் தட்டினர். அவன் ஏன் வரவில்லை என்பது எழுதிய நமக்கே தெரியாது என்ற உண்மையை நாம் யாரிடமும் வெளியிடவில்லை. ஏழு மாதம் அந்தப் பெண்ணைத் தர்மசாலைக்கும், ஒரு வங்காளிக் கிழவியின் வீட்டுக்கும், காவல் நிலையத்துக்குமாக அலைக்கழித்தோம். எட்டாம் மாதம், 'ஆசிரியரின் உடல்நலக் குறைவால் இம்மாதம் தொடர்கதை இடம்பெறவில்லை' என்று ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. நம் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கதைக்குத்தான் சீக்கு. ஒன்பதாம் மாதம் அந்த அறிவிப்பும் இல்லை.

விஷயம் அத்துடன் மறந்து போயிற்று என்றே எண்ணியிருந்தோம். இரண்டாண்டு கழித்து, ஒரு வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள், லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி நம் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, நீங்கதானே அந்தக் கதை எழுதினவர்? அந்தப் பொண்ணோட வீட்டுக்காரன் வந்தானா, இல்லையா?"

"வந்துவிட்டான், பாட்டி" என்றோம், வேறு வழி தோன்றாமல்.

"அதுவரைக்கும் எங்கே போயிருந்தான்?"

நம்மிடம் விடை இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் காத்துக்கொண்டு நின்றார். பிறகு அவராகவே சொன்னார்: அவருக்குப் பார்வை மங்கிப் பல ஆண்டுகள் ஆயின, மாதம்தோறும் இதழ் வந்ததும் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேத்திதான் எழுத்துக் கூட்டி அக்கதையை வாசித்துக் காட்டுவாளாம், முதல் அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம் ஆனதாம், ஏழாவதற்குக் கால்மணி போதுமானதாக இருந்ததாம். "கதை நின்னு போச்சு. அவளும் புஸ்தகத்தை எடுக்கறதை விட்டுட்டா" என்றார். அதில் குற்றஞ்சாட்டும் தொனி சற்றும் இல்லை. அதனாலேயே அது இன்றளவும் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

எனவே, கீழே வருபவை தேர்ந்த கலைஞன் ஒருவன் இளையோர்க்குக் கூறும் இலக்கணம் அல்ல. ஒரு முறை பள்ளத்தில் விழுந்தவன், பள்ளம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறான் என்று கொள்க.

தொடர்கதை என்றால் வார இதழ்தான் நம்மவர்க்கு நினைவு வரும். ஆனால் தமிழில் அது மாத இதழில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழின் தொடக்ககால நாவல்களுள் தலைசிறந்ததாக மதிக்கப்படும் 'கமலாம்பாள் சரித்திரம்', 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் பகுதி பகுதியாக வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது ராஜமய்யருக்கு இருபத்தொரு வயது இருக்கலாம். 1898-இல் அவர் மறைந்தார். ஆயினும் கதையை முடித்துவிட்டுத்தான் மறைந்தார். அதே இதழில் 1892-இல் அ. மாதவையா தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' பாதியில் நின்றுபோயிற்று. ஆனால் மாதவையா நம்மைப்போல் கைகழுவி விடவில்லை. அக்கதையை மீண்டும் எடுத்து முழுமையாக்கி, 1903-இல் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். நின்றுபோன தொடர் செத்துப்போன தொடர் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வாரத்துக்கும் மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் புதிய எழுத்தாளர்கள் உணர்வதில்லை. அவர்கள் மனத்தில் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. அது 1950 முதல் 1954 வரை ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த கதை. நமது இதழில் ஒரு தொடர்கதைக்குக் கிடைக்கும் இடமோ மாதம் இரண்டு பக்கம். அதாவது 1,200 சொற்கள். ஓராண்டுக்குப் பெருக்கினால் 14,400 சொற்கள். வாய்விட்டு வாசித்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முழுக் கதையும் முடிந்துவிடும். இவ்வளவு சிறிய பாத்திரத்தில் சோழ சாம்ராஜ்யத்தை ஊற்றினால் வழியாமல் என்ன செய்யும்? வந்திருக்கும் மூன்று தொடர்களுள் ஒன்றில், முதல் அத்தியாயத்திலேயே பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. ஆறாவது பெயருக்கு வருவதற்குள் முதல் பெயர் நமக்கு மறந்துவிட்டது. அடுத்த அத்தியாயம் முப்பது நாள் கழித்து வருமானால் எத்தனை பெயர் மிஞ்சும்? அந்த முப்பது நாளில் வாசகர் வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை வந்திருக்கும். ஊரிலிருந்து மாமியார் வந்து போயிருப்பார். துர்கா பூஜை நெரிசலில் இதழே எங்கோ ஒளிந்துகொண்டிருக்கும்.

மாத இதழுக்கு நான்கு அல்லது ஐந்து பாத்திரம் போதும். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் பெயரோடு கூட ஓர் அடையாளமும் வேண்டும். மாதப் பகுதிகளாக நாவல் எழுதுவதில் மன்னராக விளங்கிய சார்லஸ் டிக்கன்ஸ் இதை நன்கு அறிந்தவர். அவருடைய பாத்திரங்களுக்குச் சிறிய அங்க சேஷ்டைகளும், ஓயாமல் சொல்லும் ஒரே வாக்கியங்களும் இருப்பதைச் சில விமரிசகர்கள் குறையாகக் கூறுவதுண்டு. ஒரு மாதம் பிரிந்திருந்து மறுபடி சந்திக்கும் வாசகனுக்கு அவை அடையாளச் சீட்டுகள் அல்லவா? மூக்குப்பொடி போடும் மாமா ஒருவர் உங்கள் கதையில் இருந்தால், ஒவ்வொரு முறையும் அவர் பொடி டப்பியோடே வரட்டும். 'சுப்பிரமணியம் உள்ளே நுழைந்தார்' என்றால் எந்தச் சுப்பிரமணியம் என்று வாசகர் விழிப்பார். டப்பி திறக்கும் ஓசை கேட்டால் விழிக்கமாட்டார்.

'முன்கதைச் சுருக்கம்' என்று தலைப்பில் ஒரு பெட்டி கட்டிப் போடுவதை நாம் தடுப்பதில்லை. ஆனால் பெட்டியைப் படிக்காமலே கதை விளங்க வேண்டும். புதிய அத்தியாயத்தின் முதல் பத்து வரிக்குள், யார், எங்கே, என்ன கவலையில் இருக்கிறார்கள் என்பது பேச்சிலோ செயலிலோ தெரிந்துவிட வேண்டும். இது கடினமான வித்தை. பயிற்சி இல்லாமல் வராது.

இங்கே நம் சொந்தக் கருத்து ஒன்றைக் கூறிவிடுகிறோம், ஏற்பவர் ஏற்கலாம். முதன்முதலாக எழுதப் புகுவோர் நீண்ட தொடர்கதையில் இறங்குவதைக் காட்டிலும், ஒரே பாத்திரத்தை வைத்துத் தனித்தனிக் கதைகளாக ஒரு வரிசை எழுதுவது நல்லது. தேவன் 1940-களில் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்புவின் கதைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கதை விட்டுப்போனாலும் அடுத்த கதையில் சாம்பு நமக்குப் புரிபடாத ஆளாவதில்லை. நம் அண்டை வீட்டாரான வங்காளிகள் இத்துறையில் கைதேர்ந்தவர்கள். சத்யஜித் ராய் தம் பாட்டனார் தொடங்கிய 'சந்தேஷ்' என்னும் சிறுவர் மாத இதழில் 1965-இல் ஃபெலுதாவை அறிமுகம் செய்தார். அந்த ஃபெலுதாவின் வீடு ரஜனி சென் சாலை 21-ஆம் எண்ணில் இருப்பதாக அவர் எழுதினார். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர் பலர் அத்தெரு வழியாகக் காய்கறிப் பையோடு போயிருப்பார்கள். துப்பறியும் நிபுணர் ஒருவர் குடியிருந்த தெரு என்று அறிந்திருப்பார்களோ என்னவோ.

சரதிந்து பந்த்யோபாத்யாயரின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. 1932-இல் ஹாரிஸன் சாலை மெஸ் ஒன்றில் பியோம்கேஷ் பக்ஷியைக் குடிவைத்து, நான்கைந்து ஆண்டுகளில் பத்துக் கதைகள் எழுதினார். 1938-இல் திரைப்படக் கதை எழுதும் வேலையாகப் பம்பாய்க்குப் போனார். ஊரை விட்டுப் பிழைக்கப் போன எழுத்தாளர், நம் இனத்தவர்! பியோம்கேஷும் நின்றுபோனான். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின், வாசகர்கள் விடாமல் கேட்டதன் பேரில் மீண்டும் எழுதத் தொடங்கினார். இடைவெளியால் வரிசை சிதையவில்லை. காரணம், ஒவ்வொரு கதையும் தனித்தனியே முடிந்திருந்தது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: பியோம்கேஷ் காதலிக்கிறான், மணந்து கொள்கிறான், பிள்ளை பெறுகிறான், வயதாகிறான். கொலையும் களவும் கதைக்குக் கதை மாறும். அவனுடைய குடும்பம் மட்டும் பின்னணியில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். தனிக்கதையின் வசதியும் தொடர்கதையின் சுவையும் ஒருங்கே கிட்டும் முறை இது. சரதிந்து 1970-இல் மறைந்தபோது ஒரு பியோம்கேஷ் கதை பாதியில் நின்றது. குறையாக நின்றது அந்த ஒன்றுதான். மற்றவை அனைத்தும் முழுமையாக நம் கையில் இருக்கின்றன.

அல்ல, எமக்குத் தொடர்கதைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு: முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். முடிவைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், குற்றமில்லை. டிக்கன்ஸே தமது 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவை நண்பர் ஒருவர் சொற்கேட்டு மாற்றியவர். ஆனால் மாற்றுவதற்கு ஒரு முடிவு முதலில் இருக்க வேண்டுமே! 1846-இல் தொடங்கிய 'டாம்பி அண்டு ஸன்' முதற்கொண்டு, அவர் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்து, இடப்பக்கம் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகளையும் நினைவுக் குறிப்புகளையும், வலப்பக்கம் அத்தியாயங்களின் வரிசையையும் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பாத்திரத்தை இம்மாதம் கொண்டுவரலாமா, வேண்டாமா என்பதையெல்லாம் அவர் தாளோடு விவாதிக்கிறார். அவ்வளவு பெரிய மேதைக்குத் தாள் தேவைப்பட்டது. நமக்கு எதுவும் தேவையில்லை என்று நாம் நினைத்தோம்.

அடுத்து, கைவசம் நான்கு அத்தியாயம் எழுதி வைத்துக்கொள்ளாமல் முதல் அத்தியாயத்தை அச்சுக்குத் தரவேண்டாம். வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் எழுதும் இதழ் இது. மார்ச்சு மாதம் கணக்கு முடிக்கும் வேலை வரும். மாற்றல் உத்தரவு வரும். ஊரில் தகப்பனாருக்கு நோய் என்று செய்தி வரும். நான்கு அத்தியாயம் கையில் இருந்தால் நான்கு மாத அவகாசம் கிடைக்கிறது. பெரியோர்க்கும் இடையூறு வருவதுண்டு. மரணத்தைவிடப் பெரிய இடையூறு ஏது? டிக்கன்ஸ் பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட கடைசி நாவலில் ஆறு பகுதியோடு 1870-இல் மறைந்தார். அதில் வரும் மர்மத்துக்கு விடை என்ன என்று இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறவில்லை. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமரதாரா' ஓடிக்கொண்டிருந்தது. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை முடித்து வைத்தார். குறிப்பு இருந்தபடியால் முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

"எழுத நேரமில்லை" என்னும் பல்லவியைப் பாடுவோர்க்கு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப்பின் கதையைச் சொல்வது நம் வழக்கம். அவர் தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் அமர்ந்துவிடுவார். எழுப்பிவிடும் வேலைக்காக ஒரு கிழப் பணியாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் தனியே கொடுத்து வந்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதிவிட்டு, அதன்பிறகு அலுவலகம் போவார். பார்செட்ஷயர் என்னும் கற்பனை மாவட்டத்தை வைத்து 1855 முதல் 1867 வரை ஆறு நாவல்கள் எழுதினார். அவர் கணக்குப்படி நமது மாத அத்தியாயம் ஒன்றேகால் மணி நேர வேலை. நமக்கு நாலு மடங்கு ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். மாதத்தில் ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரம் இல்லாதவர் யார்?

இனி, குறிப்பேடு. கதையில் வரும் ஒவ்வொருவருடைய வயது, ஊர், உறவு, வீட்டு அமைப்பு, கையில் எந்தப் பக்கம் தழும்பு என்பது வரை எழுதி வைக்க வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸின் தோழரான டாக்டர் வாட்ஸனுக்கு, 1887-இல் வந்த முதல் கதையில் துப்பாக்கிக் குண்டு தோளில் பாய்ந்திருந்தது. 1890-இல் வந்த இரண்டாவது கதையில் அது காலுக்கு இறங்கிவிட்டது. ஜான் என்னும் பெயருடைய அவரை ஒரு கதையில் அவர் மனைவியே ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். ஆங்கிலேயர் இதை வைத்து நூறாண்டுக்கு மேலாக வேடிக்கை ஆராய்ச்சி நடத்தி வருகின்றனர். கானன் டாயிலுக்குக் கிடைத்த அந்தச் சலுகை தமிழ் எழுத்தாளருக்குக் கிடைக்காது. ஏனெனில் தமிழ்க் கதையில் உறவுமுறை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் இதழில் வந்த ஒரு தொடரில், இரண்டாம் அத்தியாயத்தில் நாயகி நாயகனுடைய அத்தை மகள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஆசிரியர் நினைவு தப்பிச் சித்தி மகள் என்று எழுதிவிட்டார். மெய்ப்புத் திருத்திய நாமும் கவனிக்கவில்லை. முறைப்பெண்ணாக இருந்தவள் ஒரே சொல்லில் தங்கையாகிவிட்டாள். ஆறாம் அத்தியாயத்தில் கல்யாணம்! ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு வாசகர், 'இந்தக் கல்யாணத்துக்கு எங்கள் குடும்பத்தார் வருவதற்கில்லை' என்று ஒரு வரியில் கடிதம் எழுதியிருந்தார். மறு மாதம் மன்னிப்புக் கேட்டுப் பிழைதிருத்தம் போட்டோம்.

அத்தியாயத்தை எங்கே நிறுத்துவது? கதவு தட்டப்பட்டது, விளக்கு அணைந்தது, 'வீல்' என்று அலறல் கேட்டது என்பன போன்ற முடிவுகளைக் கண்டால் நமக்கு அலுப்புத் தட்டுகிறது. அடுத்த மாதம் பார்த்தால் கதவைத் தட்டியவன் பால்காரன். ஒரு முறை ஏமாந்த வாசகர் மறுமுறை அலறலை நம்பமாட்டார். திகில் முப்பது நாள் தாங்காது. மூன்று நாளில் ஆறிவிடும். கவலையோ தாங்கும். ஒருவர்மேல் நமக்கு அன்பு வந்துவிட்டால் அவர் என்ன முடிவெடுப்பார் என்ற எண்ணம் மாதம் முழுதும் கூடவே இருக்கும். விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' 1928-29-இல் 'விசித்ரா' என்னும் வங்காளி இதழில் தொடராக வந்த நாவல். அதில் மர்மம் கிடையாது, சதி கிடையாது. ஏழைப் புரோகிதர் குடும்பம் ஒன்று. அதில் அக்காளும் தம்பியும். அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆகுமோ என்னும் கவலையே வாசகரை இதழுக்கு இதழ் இழுத்துச் சென்றது. உங்கள் அத்தியாயத்தை ஒரு கேள்வியில் நிறுத்துங்கள். அக்கேள்வி உங்கள் பாத்திரத்தின் மனத்துக்குள் இருக்கட்டும், வாசற்கதவுக்கு வெளியே வேண்டாம்.

தொடர் ஓடத் தொடங்கியதும் வாசகர் கடிதங்கள் வரும். புதிய எழுத்தாளர் தடுமாறும் இடம் இதுவே. டிராலப் ஒரு நாள் தம் கழகத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இரு பாதிரியார்கள் அவருடைய பாத்திரங்கள் ஒவ்வொரு நாவலிலும் திரும்பத் திரும்ப வருவதைக் குறைகூறிப் பேசினர். அதிலும் திருமதி புரௌடி என்னும் அதிகாரக்காரியைப் பொறுக்க முடியவில்லை என்றனர். டிராலப் எழுந்து போய், "இன்னும் ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன்" என்ற கருத்துப்பட உறுதி கூறி, அவ்வாறே செய்தும் விட்டார். பிற்காலத்தில் அவளை இழந்ததற்காக வருந்தியும் எழுதினார். கானன் டாயில் தாமே சலித்துப்போய் 1893-இல் ஹோம்ஸை அருவியில் தள்ளினார். வாசகர் விடவில்லை, 1903-இல் உயிர்ப்பித்துக் கொண்டுவர நேர்ந்தது. கொல்வதற்குமுன் ஒரு மாதம் பொறுத்திருங்கள் என்பதே நம் ஆலோசனை.

கடிதங்களுக்குப் பணியாமலும், அவற்றை அலட்சியம் செய்யாமலும் நடந்துகொண்டவர் ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை வந்தது. ஏமாற்றத்துக்கு ஆளாகி மழையில் வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் நீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். பெரும் சர்ச்சை எழுந்தது. ஜெயகாந்தன் அந்த முடிவை மாற்றி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் கூக்குரலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். அவ்வெண்ணம் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆயிற்று. 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குக் கிடைத்தது. பிறகு 'கங்கை எங்கே போகிறாள்' என்று அப்பெண்ணின் கதை மேலும் நீண்டது. ஒரு சிறுகதை வாசகரோடு நடத்திய வழக்கிலிருந்து ஒரு நாவல் வரிசை பிறந்தது.

நம்மைப் போன்ற சிறிய சமூகத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. கதையில் ஒரு கஞ்சப் பொருளாளர் வந்தால், நம் நகரத்துச் சங்கங்களில் இன்று இருப்பவரும் முன்பு இருந்தவருமான பொருளாளர்கள் அத்தனை பேரும் தம்மைத்தான் சொல்கிறான் என்று எண்ணிக்கொள்வார்கள். தப்பிக்க ஒரு வழி: ஒருவருடைய மூக்கையும், மற்றொருவருடைய பேச்சையும், மூன்றாமவருடைய கடனையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். கதைக்கும் அது நல்லது. இதன்பிறகும் யாரேனும் சண்டைக்கு வந்தால் ஆசிரியர் குழுவிடம் அனுப்புங்கள். கேட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

கடைசியாக, எதை எழுதுவது. பார்த்தறியாத தஞ்சாவூர்க் கிராமத்தையும், திரைப்படத்தில் கண்ட பண்ணையாரையும் நம் பிள்ளைகள் ஏன் எழுத வேண்டும்? இங்கே பிறந்து, வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசி, தமிழை அடுக்களையில் கற்றவர்கள் அவர்கள். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. சென்னை மெயிலில் இரண்டு இரவு ஒரே பெட்டியில் வந்த இரு குடும்பங்களை வைத்து ஓராண்டுத் தொடர் எழுதலாம். எதிர்வீட்டு மாஷிமா நம் பாட்டியோடு பொது மொழி ஒன்றுகூட இல்லாமல் முப்பதாண்டு சிநேகமாக இருந்தது கதையல்லவா? அவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள். பேச்சில் வங்காளிச் சொல் வரட்டும்; ஆனால் வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஊரிலிருக்கும் உறவினரும் இதழைப் படிக்கிறார்கள்.

தொடர்கதை அனுப்பும் அன்பர்கள் இனி நமக்கு அனுப்ப வேண்டியவை: முடிவு உட்பட ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், பாத்திரங்களின் பெயரும் உறவும் எழுதிய பட்டியல் (அத்தையா சித்தியா என்பது தெளிவாக), நான்கு அத்தியாயங்கள். கையெழுத்தாயினும் தட்டச்சாயினும் ஒன்றுதான். மூன்று அன்பர்களுக்கும் இதையே எழுதியிருக்கிறோம். ஒருவர் முடிவை அனுப்பிவிட்டார், நன்றாகவே இருக்கிறது.

நாமும் நம் விதிக்கு உட்பட்டோம். பழைய ஏழு அத்தியாயங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணவன் ஏன் ஹௌராவுக்கு வரவில்லை என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்ததில் காரணம் கிடைத்துவிட்டது. தர்மசாலையையும் காவல் நிலையத்தையும் நீக்கிவிட்டோம். வங்காளிக் கிழவி இருக்கிறாள். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம், ஐந்து எழுதியாயிற்று. தை மாத இதழில் அந்தப் பெண் மறுபடியும் ரயிலிலிருந்து இறங்குகிறாள். லேக் மார்க்கெட் பாட்டி இப்போது இல்லை. பேத்தி பெங்களூரில் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, முகவரி வாங்கி வைத்திருக்கிறோம். முதல் பிரதி அங்கே போகும்.